செக்கனுக்கு எத்தனை படம்?

வியாழன் கோளைப் படம் பிடிக்கிறேன் என்று சொன்னால் தோழியர் முதலில் கேட்பது, "ஒரு படம் எடுக்க மடிக்கணினி எதற்கு?" என்பதுதான். அந்தக் கேள்விக்கும், இந்த முயற்சியில் இறங்கும் எல்லோருக்கும் வரும் ஒரு தொல்லைக்கும் விடை சொல்லவே இதனை எழுதுகின்றேன். என்னிடம் இருப்பவை ஐந்து அங்குலத் தொலைகாட்டி ஒன்றும், கணினியோடு இணைக்கும் சிறிய கமரா ஒன்றும் மாத்திரமே.

கரையோரத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சிப்பியைப் பார்த்திருப்பீர்கள். மேலே நீர் அசையும்போது அதன் உருவம் நெளியும். அசைவு அடங்கும் ஒரு கணத்தில் தெளிவாகத் தெரியும். நமக்கும் கோளுக்கும் இடையில் இருக்கும் காற்றும் அப்படித்தான். அது ஓய்ந்து நிற்பது மிகச் சிறிய பொழுதுக்கே. அந்தப் பொழுது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே ஒரு படத்திற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான படங்களை வீடியோவாகப் பதிவு செய்கின்றோம். மென்பொருள் அவற்றுள் தெளிவானவற்றைத் தெரிந்தெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தருகின்றது.

அப்படியானால் நீண்ட நேரம் பதிவு செய்யலாமே என்று தோன்றும். வியாழன் அதற்கு இடம் தராது. அது தன்னைத் தானே சுற்ற எடுப்பது 10 மணித்தியாலத்திற்கும் சற்றுக் குறைவான நேரமே. இரண்டு நிமிடங்களில் 1.2 பாகை திரும்பிவிடும். அதற்கு மேல் பதிவு செய்தால் அதன் பட்டிகளும் புள்ளிகளும் மங்கத் தொடங்கும். அந்த 120 செக்கன்களில், செக்கனுக்கு 18 படம் என்றால் 2,160 படங்கள் கிடைக்கும். செக்கனுக்கு 100 என்றால் 12,000. சிறந்த பத்தில் ஒரு பங்கை எடுத்தால் முன்னதில் 216, பின்னதில் 1,200. செக்கனுக்கு எத்தனை படம் என்ற இந்தக் கணக்கையே சட்டக வீதம் என்கிறோம்.

இதில் என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் கிறிஸ்டோபர் கோ என்ற பொழுதுபோக்கு வானவியலாளர் இருக்கின்றார். வியாழனில் வெண்ணிறமாக இருந்த ஒரு புயல் செந்நிறமாக மாறியிருப்பதை 2006இல் உலகுக்குச் சொன்னவர் அவரே. 2010 ஜூன் 3ஆம் திகதி, வியாழனில் ஏதோ ஒரு பொருள் மோதிச் சில செக்கன்கள் மாத்திரம் ஒளிர்ந்ததை ஆஸ்திரேலியாவின் அந்தோனி வெஸ்லி பதிவு செய்தார். செய்தியறிந்த கோ தன் வீடியோவைத் தேடிப் பார்த்தபோது அதே ஒளி அதிலும் இருந்தது. இருவரிடமும் பதிவு இருந்ததால் ஐயம் நீங்கியது. செபு பூமத்திய கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கின்றது. நாம் இருப்பது எட்டரைப் பாகையில். நமக்கும் கோள்கள் உச்சிக்கு அருகே வருகின்றன. அடிவானத்துக் கலங்கல் காற்றினூடாக அவற்றைப் பார்க்க வேண்டியதில்லை.

இனித் தொல்லைக்கு வருவோம். என் கமராவின் பெட்டியில் செக்கனுக்கு 130 என்று அச்சிட்டிருந்தது. திரையில் தெரிந்ததோ 18. "கமரா பழுதா மகள்?" என்று வாப்பா கேட்டார். விற்பனையாளர் ஒருவர் இன்னும் விலை கூடிய கமராவை வாங்கச் சொன்னார். இரண்டுமே தேவைப்படவில்லை.

தண்ணீர்த் தாங்கி எவ்வளவு பெரிதானாலும், குழாயின் மிக ஒடுங்கிய இடம் எவ்வளவு விடுகின்றதோ அவ்வளவே வாளியில் விழும். படங்கள் வரும் வழியிலும் ஒடுங்கக்கூடிய இடங்கள் மூன்று உள்ளன. தொலைகாட்டி இல்லாமலே, பகலில், கமராவின் மூடியைக் கழற்றாமல் மூன்றையும் சோதிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்ற வேண்டும் என்பதே விதி.

முதலாவது, ஒளியேற்கும் நேரம். ஒரு படத்திற்கு 50 மில்லிசெக்கன் கொடுத்தால் செக்கனுக்கு 20 படங்களுக்கு மேல் எந்தக் கமராவாலும் தர முடியாது. இதை 5 மில்லிசெக்கனாகக் குறைத்துப் பாருங்கள். வீதம் உயர்ந்தால் தடை இங்கேதான். வானில் பிடிக்கும்போது நேரத்தைக் குறைத்து, ஒளிப்பெருக்கத்தைக் கூட்டலாம். அதனால் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சல், படங்களை அடுக்கும்போது குறைந்துவிடும். 100 படங்களை அடுக்கினால் அது பத்தில் ஒன்றாகும்.

இரண்டாவது, கமராவிலிருந்து கணினிக்கு வரும் வழி. என்னுடைய தடை இதுவே. 1920க்கு 1080 பிக்சல் கொண்ட ஒரு படம், 8 பிட் அளவில், ஏறக்குறைய 2 மெகாபைட். பழைய யூஎஸ்பி 2 துளை நடைமுறையில் செக்கனுக்கு 40 மெகாபைட் அளவே கடத்தும். வகுத்துப் பாருங்கள், 20க்குள்தான் வரும். யூஎஸ்பி 3 துளையும் அதற்குரிய கம்பியும் இருந்தால் வழி பல மடங்கு அகலும். இல்லாவிட்டாலும் கவலையில்லை. என் தொலைகாட்டியில் வியாழன் 200 பிக்சல் அகலமே இருக்கும். மீதி எல்லாம் வெறும் இருட்டு. பதிவுப் பரப்பை 640க்கு 480 ஆகச் சுருக்கினால் ஒரு படம் 0.3 மெகாபைட்டாகும். அதே பழைய துளையில் என் வீதம் நூறைத் தாண்டியது. 16 பிட் தெரிவு செய்திருந்தால் 8 ஆக்குங்கள், சுமை பாதியாகும். நீண்ட கம்பியையும், பல கருவிகள் பகிரும் இணைப்பியையும் தவிருங்கள்.

மூன்றாவது, வன்தட்டு. வெறுமனே பார்க்கும்போது வீதம் சரியாக இருந்து, பதிவைத் தொடங்கியதும் விழுந்தால், அல்லது தவறவிட்ட படங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், தட்டு எழுதும் வேகம் போதவில்லை என்று பொருள். பின்னணியில் ஓடும் மென்பொருள்களை மூடுங்கள். மின்கலத்தில் ஓடாமல் மின்னிணைப்பில் ஓடவிடுங்கள். மேலே சொன்ன சிறிய பரப்பில் கூட இரண்டு நிமிடப் பதிவு ஏறத்தாழ 5 ஜிகாபைட் கேட்கும் என்பதால் இடமும் இருக்க வேண்டும்.

சட்டக வீதம் மாத்திரம் நல்ல படத்தைத் தந்துவிடாது. கச்சான் காற்று வீசும் இரவில் நூறு படமும் நூறு கலங்கலே. பகல் வெயிலில் சூடேறிய கொங்கிரீட் தட்டிலிருந்து எழும் வெப்பமும் உருவத்தை நெளியவைக்கும். புல்தரை நல்லது. ஐப்பசியின் பின் மாரி மேகம் தைமாதம் வரை வானை மறைத்துவிடும் நம் பகுதியில், தெளிந்து அமைதியான இரவுகள் குறைவு. அப்படியொரு இரவில் கம்பியோடு போராடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே பகலில் சோதிக்கச் சொல்கின்றேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை புதிய கருவி கேட்டால், "இந்த மூன்றையும் சோதித்தாயா?" என்று முதலில் கேளுங்கள். தங்கைகளே, ஒவ்வொரு சோதனையின் எண்ணையும் கொப்பியில் குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தைக் காட்டினால், உண்மையிலேயே வாங்க வேண்டியது புதிய கமராவா, ஒரு முழக் கம்பியா என்பதை வீட்டாரே சொல்லிவிடுவார்கள்.