மானியம் கிடைத்தது, ப்ளக் பாயிண்ட் எங்கே?

கார்த்திகை பிறந்தால் நம் ஊரில் அகல் விளக்கு, டில்லியில் புகை. அங்கே மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார் அந்தச் சமயத்தில் போன் செய்தால் ஒரே புலம்பல்தான். "பிள்ளை ராத்திரியெல்லாம் இருமறான் அண்ணி, ஜன்னலைத் திறக்க முடியலை" என்பாள். வைக்கோல் எரிப்பது, புழுதி, மேலே எழும்பாத குளிர்காற்று என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் வருஷம் முழுக்கத் தெருவிலேயே புகை விடுவது வண்டிகள். குழந்தைகளோ நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள்.

2022-ல் ஒருநாள், "மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா அண்ணி?" என்று கேட்டாள். வாங்கும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? டில்லி அரசு 2020 ஆகஸ்டில் கொண்டுவந்த திட்டத்திலிருந்துதான்.

அந்தத் திட்டம் போட்டவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். டில்லியில் புதிதாகப் பதிவாகும் வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரு சக்கர வண்டிகள். அதனால் ஸ்கூட்டருக்கு, பாட்டரியின் அளவைப் பொறுத்து 30,000 ரூபாய் வரை மானியம். பழைய பெட்ரோல் வண்டியை உடைக்கக் கொடுத்தால் இன்னும் 5,000 வரை. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் கிடையாது. 2021-ல் 4,261 மின்சார ஆட்டோக்களுக்கு பர்மிட் அறிவித்தபோது, மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்!

பணத்துக்கு எங்கே போவது? டீசலுக்கு லிட்டருக்கு 25 காசு என்று ஏற்கெனவே வசூலித்து வந்த நிதியிலும் ஒரு பகுதியை எடுத்தார்கள். புகை விடுகிற வண்டியிடம் வாங்கி, புகை விடாத வண்டிக்குக் கொடுப்பது. நியாயம்தானே?

நாத்தனார் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாட்டரி நிரம்ப ஏறக்குறைய 3 யூனிட். வண்டி சார்ஜ் செய்யத் தனி இணைப்பு வாங்கினால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு, மேல்வரி தனி. பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் கொசுறு! சரி, வாங்கியாகிவிட்டது. மானியமும் பாங்க்கில் வந்து சேர்ந்தது.

அப்புறம்தான் ஆரம்பித்தது தலைவலி. வண்டி கீழே, ப்ளக் பாயிண்ட் மேலே. சார்ஜர் பொருத்தவும் அரசு முதல் 30,000 இடங்களுக்கு 6,000 ரூபாய் வரை உதவி அறிவித்திருந்தது. ஆனால் வாடகை வீட்டில் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டாமா? "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டார். நல்லவேளை, கழற்றி எடுக்கிற பாட்டரி. அரிசிப் பையைத் தூக்குவதுபோல் தினம் மூன்று மாடி தூக்குகிறாள்.

(வீட்டுக்குள் சார்ஜ் செய்கிறவர்கள் கவனிக்கவும்: கம்பெனி கொடுத்த சார்ஜர்தான் வேண்டும். பாட்டரிமேல் துணி போடக்கூடாது. படுக்கை அருகிலும் வெளியே போகும் வழியிலும் வைக்கவே கூடாது.)

திட்டம் நினைத்தபடி நடந்ததா என்றால், இல்லை. 2024-க்குள் புதுவண்டிகளில் நாலில் ஒன்று மின்சார வண்டியாக வேண்டும் என்ற இலக்கு எட்டவில்லை. பிறகு வாங்கிய பலருக்கு மானியப் பணம் நிலுவையில் நின்று, விஷயம் ஹைகோர்ட் வரை போனது. நம்பிக் கடன் வாங்கியவர்கள் வட்டி கட்டுவார்களா, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுவார்களா? என்னைக் கேட்டால், தொகை பாதியானாலும் சொன்ன தேதியில் கொடுக்கட்டும். மிச்சப் பணத்தில் குடியிருப்புகளின் வாசலில் முதலில் ப்ளக் பாயிண்ட் போடட்டும். புதுக் கட்டிடங்களில் வண்டி நிறுத்துமிடத்தில் 20 சதவீதமாவது இதற்குத் தயாராக இருக்கவேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. பழைய கட்டிடத்தில் குடியிருப்பவர்கள் என்ன செய்வதாம்?

போன வாரம் போன் வந்தது. "கீழ்வீட்டு மாமியும் இதே ஸ்கூட்டர் வாங்கிட்டாங்க அண்ணி. ரெண்டு பேருமா சேர்ந்து வீட்டுக்காரர்கிட்டே பேசப் போறோம்."