அக்டோபரில் திறக்கும் கதவு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, திண்டிவனம் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மகனின் படிப்புக் காகிதங்கள், கூடவே நகை அடகு வைத்த ரசீது. “அண்ணா, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. ஸ்காலர்ஷிப் வருமா வராதான்னு படிச்சுச் சொல்லுங்க” என்றார்.

அவர் மகனை எனக்குத் தெரியும். ஏப்ரல் 14 வந்தால் காலனிச் சுவரில் அண்ணல் அம்பேத்கரை வரைபவன் அவன்தான். கட்டம் போட்டுக்கொள்ள மாட்டான். செல்போனில் படத்தைப் பார்த்தபடியே கண்ணாடியையும் அதற்குள் இருக்கும் பார்வையையும் கொண்டுவந்துவிடுவான். பிளஸ் டூ முடித்ததும் நகரத்தில் ஒரு தனியார் மையத்தில் ‘விஎஃப்எக்ஸ், கேமிங்’ படிப்பில் சேர்ந்திருக்கிறான். ஓராண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். “எஸ்சி பிள்ளைகளுக்கு உதவித்தொகை வந்துவிடும்” என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள்.

காகிதங்களைப் படித்தேன். அந்த மையம் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைக்கப்படவில்லை. கொடுப்பது அவர்களே அச்சடிக்கும் சான்றிதழ். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையோ அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கிடைக்கும். வராது என்பதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படி வந்தவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. திரைப்பட வரைகலை, அனிமேஷன், கணினி விளையாட்டு என்று நம் பிள்ளைகள் ஆசைப்படுவது நல்லது. எந்த வாசல் வழியாக நுழைவது என்பதை முன்கூட்டியே சொல்லத்தான் நம் தெருவில் ஆள் இல்லை.

திரைக்குப் பின்னால்

நாயகன் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறான். படப்பிடிப்பில் இடுப்பில் கயிறு கட்டித் தூக்கியிருப்பார்கள். பின்னால் பச்சைத் துணி. அந்தக் கயிற்றை அழிப்பது ஒருவர் வேலை. உருவத்தை ஓரம் பிடித்துத் தனியே எடுப்பது இன்னொருவர் வேலை. இதற்கு ரோட்டோ என்று பெயர். ஒரு விநாடிக்கு 24 படங்கள். ஐந்து விநாடிக் காட்சிக்கு 120 படங்கள். ஒவ்வொன்றிலும் தலைமுடி வரை ஓரம் பிடிக்க வேண்டும். இதற்கு மேல் கட்டடத்தைக் கணினியில் எழுப்புபவர், அதற்கு நிறமும் அழுக்கும் ஏற்றுபவர், ஒளி அமைப்பவர், எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் கம்பாசிட்டர் என்று வரிசை நீள்கிறது.

குறுகிய காலச் சான்றிதழோடு போகிறவர்கள் பெரும்பாலும் ரோட்டோவில்தான் நுழைகிறார்கள். பலர் அங்கேயே தேங்கிவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் முதலில் கைவைப்பதும் இந்த வேலையில்தான். புதிய தொழில் ஒன்று பிறந்து, அதிலும் கடைசி வரிசை மட்டும் நமக்கு என்று ஆகிவிடக் கூடாது. அதனால்தான் பொத்தான் அழுத்தப் பழகுவதோடு நிற்காமல் ஓவியம், உடலமைப்பு, ஒளி, கதை எல்லாவற்றையும் முறையாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

அரசு வாசல்கள்

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆகியவற்றுக்கென்றே நான்காண்டு இளங்கலைப் பட்டப் படிப்பு அங்கே உண்டு. இடங்கள் குறைவு என்பதால் நாளிதழில் அறிவிப்பு வரும் நாளைத் தவறவிடக் கூடாது.

1850இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியும் ஓவியக் கைக்கு அடித்தளம் போடும் இடங்கள். இயக்குநர் பா.இரஞ்சித் சென்னைக் கல்லூரியில் படித்தவர். தமிழ்நாடு அரசுக் கல்லூரிகளில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் இடம் உண்டு.

மத்திய அரசு நிறுவனங்களுக்கு வருவோம். மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வு எழுதினால் மும்பை, குவாஹாட்டி, ஹைதராபாத் போன்ற ஐஐடிகளில் வடிவமைப்புப் பட்டம் படிக்கலாம். பிளஸ் டூவில் கணிதம், அறிவியல் எடுத்திருக்க வேண்டியதில்லை. கலைப்பிரிவு, வணிகவியல் மாணவர்களும் எழுதலாம். ஓவியத்துக்கும் மதிப்பெண் உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்குத் தனித் தேர்வு. மத்திய நிறுவனங்களில் எஸ்சி பிரிவினருக்கு 15 சதவீதமும் எஸ்டி பிரிவினருக்கு 7.5 சதவீதமும் இட ஒதுக்கீடு உண்டு. யூசீட் விண்ணப்பக் கட்டணமும் நமக்குப் பாதிதான். அரசுப் பள்ளியில் படித்து ஐஐடிக்குப் போகிறவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2022 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது.

சிக்கல் தேதியில் இருக்கிறது. யூசீட் தேர்வு ஜனவரியில் நடக்கும். விண்ணப்பம் அக்டோபரிலேயே தொடங்கிவிடும். நம் பிள்ளைகள் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு, மே மாதத்தில்தான் ‘அடுத்து என்ன’ என்று கேட்கிறார்கள். அதற்குள் யூசீட் கதவு மூடிவிடுகிறது. யூசீட் வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். எனவே பிளஸ் ஒன் படிக்கும்போதே தயாராகத் தொடங்குவது நல்லது.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? இந்தப் படிப்புக்கு உதவித்தொகை உண்டா? பதிலை எழுத்தில் வாங்கி, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் காட்டிச் சரிபாருங்கள். வாய்வார்த்தையை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

கையில் இருப்பதை வைத்து

கற்கத் தொடங்க ஒன்றரை லட்சம் தேவையில்லை. முப்பரிமாண அனிமேஷனுக்கு பிளெண்டர், ஓவியத்துக்கு கிரிட்டா, கணினி விளையாட்டு உருவாக்க கோடோ ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற ‘ஃப்ளோ’, லாட்வியா என்ற சிறிய நாட்டு இயக்குநர் பிளெண்டரில் உருவாக்கிய படம். பிளெண்டருக்கு ஓரளவு நல்ல கணினி வேண்டும். அது இல்லாதவர்கள் களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, செல்போனில் ஒவ்வொரு படமாக எடுத்து அனிமேஷன் பழகலாம்.

விளையாட்டு வடிவமைப்பும் நமக்குப் புதிதல்ல. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. தனி ஆட்டைப் புலி வெட்டிவிடும். ஆடுகள் சேர்ந்து நின்றால் புலி நகர முடியாது. இப்படி விதிகளை வைத்து ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பதுதான் கேம் டிசைன். ஒரு ஆட்டைக் கூட்டினால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கும் பிள்ளை அந்தப் படிப்பைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் வேலைக்கு உறுதி குறைவு. புதுச்சேரியில் படமாக்கப்பட்ட காட்சிகளைக் கொண்ட ‘லைஃப் ஆஃப் பை’ 2013இல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்காக ஆஸ்கர் வாங்கிய அதே மாதத்தில், அதற்கு உழைத்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் திவாலானது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் திடீரென வேலை இழந்தனர். பட்டம் கையில் இருந்தால் ஆசிரியர் பணி, விளம்பரம், பதிப்பகம் என்று வேறு வழிகளுக்கும் போகலாம். கடன் வாங்கிப் பெற்ற வெறும் சான்றிதழுக்கு அந்த வழிகள் திறக்காது.

அந்த அம்மாவின் நகை இன்னும் மீளவில்லை. மகன் மையத்துக்கு மீதிப் பணத்தைக் கட்டவில்லை. பகலில் சுவர் விளம்பரம் எழுதுகிறான். இரவில் கவின்கலைக் கல்லூரியின் ஓவியத் தேர்வுக்காக வரைந்து பழகுகிறான். இந்த ஏப்ரலில் காலனிச் சுவரில் அண்ணல் படத்துக்குக் கீழே விண்ணப்ப மாதங்களையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊர் அம்பேத்கர் மன்றத்திலும் ஒரு பலகை இருக்கும். அதில் யாராவது எழுதி வையுங்கள்.