கோடிங் தெரியாதா? கைவிடப்பட்ட மென்பொருளை நீங்களும் தத்தெடுக்கலாம்!

டெபியனிலோ உபுண்டுவிலோ ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்கிறீர்கள். பெரும்பாலும் அது எழுதியவரிடமிருந்து நேராக உங்கள் லேப்டாப்புக்கு வருவதில்லை. நடுவில் ‘பேக்கேஜ் மெயின்டெய்னர்’ என்று ஒருவர் இருக்கிறார். 1993-ல் தொடங்கிய டெபியனில் இந்த வேலையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான்.

அப்படியென்றால் இவர்கள் எல்லாரும் புரோகிராமர்களா? அங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மென்பொருளை எழுதுபவர் வேறு. புதிய வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, அதைப் பேக்கேஜாக்கி ஓட்டிப் பார்ப்பது, லைசென்ஸ் விவரங்களைச் சரிபார்ப்பது, பயனர்களின் புகாரைப் படித்து “எந்த வெர்ஷன்? என்ன செய்தபோது நின்றது?” என்று கேட்டு எழுதியவரிடம் சேர்ப்பது... மெயின்டெய்னரின் நாள் இப்படித்தான் போகும். கோடிங்கைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படும் வேலை.

அவர் விலகிவிட்டால், அந்தப் பேக்கேஜை டெபியனில் ‘அனாதை’ என்றே குறிப்பிடுகிறார்கள். ‘டெவ்ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற தொகுப்பில் ‘டபிள்யூஎன்பிபி-அலர்ட்’ என்றொரு கட்டளை உண்டு. உங்கள் கணினியில் இருப்பவற்றில் எவை ஆளில்லாமல் கிடக்கின்றன என்று அது காட்டிவிடும். அதில் நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்று இருந்தால், தத்தெடுக்க அதைவிட நல்ல தேர்வு இல்லை.

‘லோஹித் தமிழ்’ எழுத்துருகூட டெபியனில் ஒரு தனி பேக்கேஜ்தான். ‘கொ’வில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிகிறதா என்று கண்டுபிடிக்க சி++ நிபுணர் எதற்கு? தமிழ் படிக்கத் தெரிந்தவர் போதும்.

அதற்காக ஒன்றுமே தெரியாமல் இறங்க முடியாது. டெர்மினல் பழக்கமும், எரர் வந்தால் அதைப் படித்துப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். பாதுகாப்பு ஓட்டை என்றால் புரோகிராமரைத்தான் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று, நம்பிக்கை. டெபியனில் புதியவரின் பேக்கேஜை அனுபவமுள்ள ‘ஸ்பான்சர்’ ஒருவர் பார்த்த பிறகே ஏற்றுவார். இது வீண் கெடுபிடி இல்லை. ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்தில் அனாதையாகக் கிடந்த ‘ஏக்ரோரீட்’ பேக்கேஜை 2018-ல் தத்தெடுத்த ஒருவர், அதற்குள் தீங்கான ஸ்கிரிப்ட்டை நுழைத்தார்.

‘எக்ஸ்இசட்’ விவகாரம் இன்னும் பயங்கரம். ஃபைல்களைச் சுருக்கும் இந்தக் கருவியை ஒரே ஒரு தன்னார்வலர் களைத்துப்போய்க் கவனித்துவந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் 2021 முதல் உதவ வந்தவர், பொறுமையாக நம்பிக்கை பெற்று இணை மெயின்டெய்னரும் ஆனார். 2024 பிப்ரவரியில் வெளியான வெர்ஷனில் பின்வாசல் இருந்தது. லாகின் அரை நொடி தாமதமாவதை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராயின்ட் கவனித்து நோண்டியதால்தான் மார்ச் இறுதியில் குட்டு உடைந்தது. களைத்த அந்த மனிதருக்கு உதவ நாலு நல்லவர்கள் முன்பே போயிருந்தால் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது.

பேக்கேஜ் எடுக்கத் தயக்கமாக இருந்தால் பக் ரிப்போர்ட், மொழிபெயர்ப்பு, ஆவணம் என்று தொடங்கலாம். பேக்கேஜைத் தொடாமல் இப்படிப் பங்களிப்பவர்களையும் முழு உறுப்பினராக ஏற்க டெபியன் 2010-லேயே வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்தது. அவர்களுக்கு ஓட்டு உண்டு. அப்லோட் உரிமை மட்டும் கிடையாது.