அவசரச் சிகிச்சைக்கு யார் பிந்தி வருகிறார்கள்?

குன்னூருக்கு அருகே, தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்திருப்பது வெலிங்டன். முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும், மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையமும், இராணுவ ஆஸ்பத்திரியும் இங்கு உள்ளன. சுற்றுப்புறத்திலோ படுகர் ஹட்டிகளும், தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகளும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் குடியிருப்புகளும் காணப்படுகின்றன. மலை ஒன்றே, குளிரும் மழையும் எல்லோருக்கும் பொதுவே. ஆயினும் ஆபத்து நேரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரியை அடைவதில்லை. இதன் காரணத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

இரண்டு வீடுகள்

ஒரே இரவில் இரண்டு வீடுகளில் நெஞ்சுவலி உண்டாவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற படைவீரர். ஆண்டுதோறும் உடற்பரிசோதனை செய்துகொண்டு பழகியவர். எந்த வாயிலில் நுழைவது, யாரிடம் என்ன சொல்வது என்பதை அறிந்தவர். அரை மணி நேரத்தில் அவர் வைத்தியர் முன் இருக்கிறார்.

மற்றொரு வீட்டில் இருப்பவர் கொழுந்து பறிக்கும் பெண். "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று சுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். பொழுது விடிகிறது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஏதேனும் காகிதம் கேட்பார்களோ, கடிந்து பேசுவார்களோ என்ற அச்சம் வேறு. கடைசியில் அவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது நண்பகல் கடந்துவிடுகிறது. இருவருக்கும் நோய் ஒன்றே. இருவருக்கும் கிடைக்கக்கூடிய மருந்தும் ஒன்றே. உயிரைத் தீர்மானிப்பது இடையில் கழிந்த நேரம்.

இதனால் படித்தவர் யாவரும் சரியாக நடந்துகொள்கிறார் என்று கொள்ளலாகாது. நெஞ்சுவலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும் பட்டதாரிகளும் உண்டு. இங்குக் கல்வி என்று நாம் குறிப்பிடுவது பட்டத்தை அன்று. ஆபத்தின் அறிகுறியை அறிவதையும், தயங்காமல் உதவி கேட்பதையுமே.

அறிவின்மை அன்று

தோட்டத் தொழிலாளர் அவசரத்தை உணராதவர் என்று எவரேனும் கருதினால், அது பெருந்தவறு. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் இராணுவ ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் அதில் பயணம் செய்தனர். தீ கொழுந்துவிட்டு எரிந்த இடத்திற்கு முதலில் ஓடியவர்கள் அவ்வூர் மக்களே. தண்ணீர் கொண்டுவந்தார்கள், காயமுற்றோரைத் தூக்கிச் செல்லத் தம் வீட்டுக் கம்பளிகளையும் போர்வைகளையும் கொடுத்தார்கள். அவ்விபத்தில் உயிர் பிழைத்தவர் எவருமில்லை எனினும், அம்மக்களின் செயலை நாடே போற்றியது.

பிறகு இராணுவம் அவ்வூரை ஓராண்டுக்குத் தத்தெடுத்தது. மாதந்தோறும் ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் வந்து மக்களைப் பரிசோதிப்பர் என்றும், வெலிங்டன் இராணுவ ஆஸ்பத்திரிக்கு அவர்கள் சிகிச்சைக்கு வரலாம் என்றும் அறிவித்தது. நன்றிக்கு அடையாளமாக வைத்தியரின் வருகையைத் தேர்ந்தெடுத்தது சிந்திக்கத்தக்கது. பிறர் ஆபத்துக்கு நொடியும் தாமதியாத மக்களுக்கு, தம் ஆபத்தில் துணையாக வேண்டியிருந்தது அருகில் வரும் வைத்தியரே.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் நிலைமை வேறு விதமாகத் தோன்றும். அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணமில்லை என்று பார்க்காமல் திருப்பி அனுப்பலாகாது என 1986 ஆம் ஆண்டில் அங்கு ஒரு சட்டம் செய்யப்பட்டது. வழக்கமான வைத்தியர் இல்லாத ஏழைகளும் கல்வி குறைந்தோரும் அங்கு அவசரப் பிரிவையே அதிகம் நாடுகின்றனர். நம் மலையிலோ அத்தகையோர் பிந்தி வருகின்றனர், அல்லது வராமலே இருந்துவிடுகின்றனர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. நோய் முற்றுமுன் அணுகத்தக்க, நம்பிக்கைக்குரிய முதற்சிகிச்சை அருகில் இல்லாமையே அது.

பாலமாக நின்றவர்கள்

இக்குறையைப் போக்க நீலகிரியிலேயே முன்மாதிரிகள் உள்ளன. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவதை 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. 1970களில் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கம், தொழிலாளரிடையேயிருந்தே சிலரைத் தேர்ந்து, பயிற்சியளித்து, குடும்பங்களுக்கும் தோட்ட ஆஸ்பத்திரிக்கும் இடையே இணைப்பாளராக்கியது. கூடலூரில் 1990 இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே தாதியராகப் பயிற்சி பெற்றனர். தம் மொழி பேசும் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்றால் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

அரசும் பல ஏற்பாடுகளைச் செய்துள்ளது. 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் நடைபெறுகிறது. 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. அதே ஆண்டின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. வாயில் திறந்திருப்பினும், அதை அறியாதவருக்கு அது மூடிய வாயிலே.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

முதலாவது, ஆபத்தின் அறிகுறிகளைக் கிராம சபையில் வாசித்து விளக்குக. நெஞ்சுவலியுடன் வியர்வை, குழந்தைக்கு மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் தளர்தல் ஆகியவற்றில் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. மூளையின் இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டும். நாய் கடித்தால் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போடுக. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

இரண்டாவது, ஒவ்வொரு குடியிருப்பிலும் படிக்கத் தெரிந்த ஒருவரையும், இரவில் வாகனம் தரக்கூடிய ஒருவரையும் குறித்து வைக்குக. கைப்பேசி எட்டாத இடம் எது, ஆம்புலன்ஸ் ஏற இயலாத பாதை எது என்பதையும் பதிவு செய்க.

மூன்றாவது, நோயாளியுடன் செல்பவர் இல்லாத வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மகளிர் குழுவினரை ஏற்பாடு செய்க.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. படைவீரர் வீட்டுக்கும் கொழுந்து பறிப்பவர் வீட்டுக்கும் இடையே உள்ள சில மணி நேர வித்தியாசத்தை அகற்றினால் போதும். தோட்டத்து லைன் வீட்டில் நள்ளிரவில் வலி கண்டவர், "யாரைக் கூப்பிடுவது?" என்று திகைக்காத நாளே கிராம முன்னேற்றத்தின் நன்னாள்.