தெருவைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடலாமா? நாட்டையே 7 ரகமாகப் பிரித்த மாணவர்!

"இருக்கிறது எந்தத் தெரு?"

புதிதாக ஒருவரைப் பார்த்தால் கேட்கிற கேள்வி இது. பதில் வந்ததுமே மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். 'வசதியான ஆளு' அல்லது 'கஷ்ட ஜீவனம்' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தக் கணக்கை பிரிட்டன் முழுவதற்கும் போட்டு டாக்டர் பட்டம் வாங்கினார் ஒரு மாணவர். பெயர் டேனியல் விக்கர்ஸ். படித்தது லீட்ஸ் பல்கலைக்கழகம். வழிகாட்டியவர் பேராசிரியர் பிலிப் ரீஸ். அதுபற்றிய விவரம் வருமாறு:-

125 வீடு

பிரிட்டனில் 2001-ம் ஆண்டு ஜனத்தொகை கணக்கெடுப்பு நடந்தது. யார் வீட்டு விவரமும் தனியாக வெளியே தெரியக்கூடாது என்பதால், சுமார் 125 வீடுகளை ஒரு வட்டாரமாகச் சேர்த்துத்தான் எண்ணிக்கையை வெளியிடுவார்கள். நாடு முழுவதும் இப்படி 2 லட்சத்து 23 ஆயிரத்து 60 வட்டாரங்கள்!

அந்தக் கணக்கெடுப்பில் ஒரு வேடிக்கை. 'உங்க சம்பளம் என்ன?' என்ற கேள்வியே கிடையாது. பிறகு வசதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2 கார் வைத்திருப்பவர் எத்தனை வீடு? வாடகைக் குடித்தனம் எத்தனை? குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் வசதி இல்லாதவர் எத்தனை? வேலை இல்லாதவர், தனியாக வசிப்பவர், பஸ்-ரெயிலில் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர்? இப்படி 41 விவரங்களை எடுத்துக்கொண்டார் விக்கர்ஸ்.

7 குவியல்

மீதி வேலை கம்ப்யூட்டருக்கு. அது முதலில் குத்துமதிப்பாகச் சில குவியல் போடும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு சராசரி பார்க்கும். ஒரு வட்டாரம் எந்தச் சராசரிக்குக் கிட்டே இருக்கிறதோ, அந்தக் குவியலுக்கு மாற்றும். மாற்றினால் சராசரியும் மாறுமே! மறுபடி கணக்கு. மறுபடி மாற்றம். இனி மாற்ற ஒன்றும் இல்லை என்றதும் நிற்கும்.

கடைசியில் நின்றது 7 பெரிய ரகம். அதற்குள் 21 பிரிவு, 52 உட்பிரிவு. 'செழிப்பான புறநகர்', 'கிராமப்புறம்', 'பாட்டாளிக் குடியிருப்பு', 'சூழ்நிலையால் முடங்கியவை' என்று பெயரும் வைத்தார்கள். 'ஏழைத் தெரு' என்று எதற்கும் பெயர் இல்லை. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

கறுப்புத் தெரு

தெருவுக்கு முத்திரை குத்துவது பழைய கதை. சார்லஸ் பூத் என்ற கப்பல் முதலாளி லண்டன் தெருக்களுக்கு வர்ணம் பூசி 1889-ல் வரைபடம் வெளியிட்டார். பணக்காரத் தெருவுக்கு மஞ்சள். அடிமட்டத் தெருவுக்குக் கறுப்பு. 'குற்றவாளித்தனம் உள்ளவர்கள்' என்று கறுப்புக்கு விளக்கம் வேறு! லண்டனில் 100-க்கு 30 பேருக்கு மேல் வறுமையில் வாடுவதை வெளிச்சம் போட்டவர் அவர்தான். ஆனால் கறுப்புத் தெருவில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் அதே கறுப்புதானே!

1970-களில் ரிச்சர்டு வெப்பர் என்பவர் லிவர்பூல் நகரில் இதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்தார். நோக்கம், உதவி தேவைப்படும் பகுதியைக் கண்டுபிடிப்பது. ஆனால் வியாபாரிகள் விடுவார்களா? எந்த வட்டாரத்தில் கடை போடலாம், எந்த வீட்டுக்கு விளம்பரக் கடிதம் அனுப்பலாம் என்று பார்க்க இந்த முறை காசுக்கு விற்பனை ஆனது.

இலவசம்

விக்கர்ஸ் செய்த காரியம் இங்கேதான் வித்தியாசப்படுகிறது. அரசின் புள்ளிவிவர அலுவலகத்துடன் சேர்ந்து 2005-ல் இது வெளியானது. காசு கிடையாது. எப்படிப் பிரித்தோம் என்பதையும் மறைக்கவில்லை. தன் தெருவுக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று யாரும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

2011 கணக்கெடுப்புக்குப் பிறகு ரகம் 8 ஆனது. 2021-க்குப் பிறகும் புதுப் பட்டியல் வந்தது. தெரு மாறிக்கொண்டே இருக்கிறதே!

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இது 125 வீட்டின் சராசரி. 'செழிப்பான புறநகரில்' அடுப்பு எரியாத வீடும் இருக்கும். பட்டியலை மட்டும் நம்பி உதவி செய்தால், அந்த வீட்டுக்குக் கடைசிவரை உதவி போய்ச் சேராது. 'முடங்கிய' பகுதியில் நாணயமாகக் கடன் அடைப்பவரும் இருப்பார். தெருப் பெயரைப் பார்த்தே அவரைத் திருப்பி அனுப்பினால் அது என்ன நியாயம்?

தெருவைத் தெரிந்துகொள்ள பட்டியல் போதும். ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும்.