முதல் எழுத்து எந்த மொழியில்?

கேரளத்தின் கல்பாத்தி அக்ரகாரத்து வீடுகளில் நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசப்படுகிறது. மலையாளச் சொற்கள் தாராளமாகக் கலந்த தமிழ். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த பலருக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. பள்ளியில் படித்தது மலையாளமும் ஆங்கிலமும்தான். 'அதனால் என்ன குறைந்துபோனார்கள்? நன்றாகப் படித்து நல்ல வேலைகளில் இருக்கிறார்களே' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீடுகளில் பள்ளிக்கூடத்துக்கு முன்பே தலைமுறை தலைமுறையாக எழுத்து புழங்கியது. பாடம் புரியாவிட்டால் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அந்த வசதி ஏது? காலையில் கொழுந்தெடுக்கப் போன தாய் மாலையில் களைத்துத் திரும்பி, தான் படிக்காத மலையாளத்தில் அறிவியல் பாடம் சொல்லித்தர முடியுமா? கல்பாத்தியைக் காட்டி தேவிகுளம், பீர்மேடு தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தீர்மானிப்பது பெரும் அநீதி.

தமிழும் மலையாளமும் அக்கா தங்கை, குழந்தை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார்கள். அந்த நெருக்கமே வகுப்பறையில் இடறிவிடுகிறது. மலையாளப் புத்தகத்தில் 'வெள்ளம்' என்றால் வெறும் தண்ணீர். தமிழ்ப்பிள்ளைக்கோ அது ஊரை அடித்துப்போவது. 'அவசரம்' அங்கே வாய்ப்பு, இங்கே பரபரப்பு. 'க' என்ற ஒரே எழுத்தால் எழுதிப் பழகிய கை, அங்கே நான்கு ககரங்களைப் பிரித்து எழுத வேண்டும். இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், அதுவும் தமிழ் தெரிந்த ஆசிரியர். தமிழில் எழுதப் படிக்கத் தேறிய பிள்ளைக்கு இந்த வேறுபாடுகள் சீக்கிரம் பிடிபடும். எந்த மொழியிலும் எழுத்து ஊன்றாத பிள்ளை இரண்டுக்கும் நடுவில் தவிக்கும். மொழிவழி மாநில எல்லைகள் நடைமுறைக்கு வந்த 1956 நவம்பர் 1 அன்றே, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்ற 350ஏ பிரிவும் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. கோடு போட்டவர்களுக்கே, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கப்போகும் குழந்தைகளின் நினைப்பு இருந்தது.

கேரளத்தில் வாழ்பவர்களுக்கு மலையாளம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அலுவலகம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாவற்றுக்கும் வேண்டும். பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. எந்த வயதில், எந்த மொழியின் தோளில் ஏற்றி அதைக் கற்பிக்கிறோம் என்பதுதான் என் கவலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் தாய்மொழிவழியே கற்பிப்பதென்றால், இத்தனை மொழிக்கு ஆசிரியருக்கு எங்கே போவது என்பார்கள். அதே 2017இல் எர்ணாகுளம் மாவட்டம் 'ரோஷ்ணி' திட்டத்தைத் தொடங்கி, இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த தன்னார்வலர்களைக் கொண்டு வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழிவழியே மலையாளத்தைக் கற்றுத்தந்தது. கல்பாத்தியிலிருந்து சிறிது தொலைவில், கஞ்சிக்கோடு ஆலைகளுக்குப் பிழைக்க வந்த ஒடியா, வங்காளக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அந்த ஏற்பாடு வேண்டும். தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி வகுப்புக்காகக் குரல் கொடுக்கும் நாமே அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.