அன்று பேருந்து இல்லை, இன்று பணிமனையா?

1947ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கே தென் கரோலினா மாநிலம், கிளாரண்டன் கவுண்டி. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. அந்தப் பருத்திக்காட்டுப் பகுதியில் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்ல 30 பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. அவர்கள் நடந்தார்கள். சில பிள்ளைகளுக்கு ஒரு வழி நடையே 14 கிலோமீட்டர்.

பெற்றோர் கைக்காசைப் போட்டு ஒரு பழைய பேருந்து வாங்கினார்கள். அது பாதி நாள் வழியிலேயே நின்றது. எரிபொருளுக்காவது பணம் தாருங்கள் என்று கல்வி அதிகாரிகளிடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. லெவி பியர்சன் என்ற விவசாயி துணிந்து வழக்குப் போட்டார். அவருடைய நிலம் எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்ற நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு 1948இல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஊரில் அவருக்குக் கடன் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். வழக்குப் போட்டவனின் வயிற்றில் அடிப்பது எப்படி என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மக்கள் விடவில்லை. பேருந்து கேட்டவர்கள் அடுத்து சமமான பள்ளி கேட்டார்கள். 'பிரிக்ஸ் எதிர் எலியட்' என்ற அந்த வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் வந்த புகழ்பெற்ற 'பிரவுன்' தீர்ப்பின் ஒரு வேர், பிள்ளைகளுக்காகக் கேட்ட அந்த ஒற்றைப் பேருந்தில் இருக்கிறது.

இதற்கு எழுபது ஆண்டுகள் கழித்து, 2017இல், அதே நாட்டின் இன்னொரு மூலையில் நடந்த பேருந்துச் சண்டையைப் பற்றித்தான் இந்த வாரம். இங்கே கேள்வி தலைகீழாக வந்தது. பேருந்து இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. அத்தனை பேருந்துகளையும் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள்.

மஞ்சள் பேருந்தின் ராத்தங்கல்

நம் பக்கம் பள்ளிப் பேருந்து என்றால் தனியார் பள்ளியின் வண்டி. சாயங்காலம் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நின்றுகொள்ளும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் இலவச பாஸ் வைத்துப் போவார்கள். அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளுக்கே மஞ்சள் பேருந்துகள் உண்டு. வாஷிங்டனை ஒட்டியுள்ள மாண்ட்கோமரி கவுண்டியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பேருந்துகள். இவை இரவில் நிற்க, எரிபொருள் போட, பழுது பார்க்க, ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட என்று தனிப் பணிமனைகள் வேண்டும். விடியும் முன்பே அங்கே வேலை தொடங்கிவிடும். குளிர்காலத்தில் டீசல் எஞ்சினைச் சூடேற்ற வரிசையாக ஓடவிட்டு வைப்பார்கள்.

அந்தக் கவுண்டியின் தலைநகர் ராக்வில். அதன் வடக்கே ஷேடி குரோவ் என்ற மெட்ரோ ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு பெரிய பணிமனை இருந்தது. மெட்ரோவுக்குப் பக்கத்து நிலம் என்றால் விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? அந்தப் பகுதியில் வீடுகளும் கடைகளும் கொண்ட புதிய குடியிருப்பு வர வேண்டும் என்று 2006இலேயே திட்டம் போட்டார்கள். பணிமனையைக் காலி செய்தால்தான் மிச்ச நிலம் கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போகும். சரி, பேருந்துகள் எங்கே போவது? பல இடம் தேடி அலுத்தபின், அவற்றில் சுமார் 100 பேருந்துகளைக் கவுண்டி கல்வித் துறைத் தலைமை அலுவலகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் வைக்கலாம் என்று யோசனை வந்தது.

வரைபடத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். அரசு நிலம். ஏற்கெனவே தார் போட்ட இடம். கல்வித் துறையின் பேருந்து, கல்வித் துறையின் வளாகம். புதிதாக ஒரு காசு கொடுத்து நிலம் வாங்க வேண்டாம்.

அந்தக் கட்டடம் எது?

அந்த அலுவலகத்தின் பெயர் கார்வர் மையம். 1951இல் அது கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளியாகத் திறக்கப்பட்டது. கவுண்டியின் எந்த மூலையில் இருந்தாலும், உயர்நிலைப் படிப்பு வேண்டுமென்றால் கறுப்பினப் பிள்ளை அங்கேதான் வந்தாக வேண்டும். பக்கத்துத் தெருவில் வெள்ளையர் பள்ளி இருந்தாலும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். பிரவுன் தீர்ப்புக்குப் பின் பிள்ளைகளைப் படிப்படியாகப் பொதுப் பள்ளிகளில் சேர்த்தார்கள். 1960இல் கார்வர் பள்ளி மூடப்பட்டு, கட்டடம் அலுவலகமாக மாறியது.

பள்ளிக்கு வைத்த பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வருடையது. அடிமையாகப் பிறந்து வேளாண் விஞ்ஞானி ஆனவர். பருத்தி போட்டுப் போட்டுச் சத்து இழந்த மண்ணில் நிலக்கடலை போடுங்கள், மண் தேறும் என்று தெற்கத்தி ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மானாவாரியில் கடலை போடும் நம் வாசகர்களுக்கு இவர் அந்நியர் இல்லை.

கார்வர் வளாகத்தின் ஒரு பக்கம் பெரிய சாலை. மறுபக்கம் ரயில் தண்டவாளம். தண்டவாளத்துக்கு அப்பால் லிங்கன் பார்க். 1891இல் மனை பிரித்துக் கறுப்பின மக்களுக்கு விற்கப்பட்ட பகுதி அது. சொந்த வீடு கட்டி, கோயில் கட்டி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். 1935இல் அவர்களுக்கான லிங்கன் உயர்நிலைப் பள்ளியும் அங்கேதான் இருந்தது. பின்னர் தண்டவாளத்தின் ஓரமாக மெட்ரோ ரயில் வந்தபோது, ஊரின் மையத்துக்குப் போகும் லெவல் கிராசிங்கை அடைத்தார்கள். நடந்து கடக்க ஒரு மேம்பாலம் மட்டும் மிஞ்சியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்ற சொல் எந்த நாட்டிலும் திசையை மட்டும் குறிப்பதில்லை போலும்.

ராக்வில்லுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1936இல் வில்லியம் கிப்ஸ் என்ற கறுப்பின ஆசிரியர் இதே கவுண்டியின் கல்வி வாரியத்தின் மீது வழக்குப் போட்டார். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 612 டாலர். அதே தகுதியுள்ள வெள்ளையருக்குச் சராசரியாக 1,475 டாலர். அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அடுத்த ஆண்டே வாரியம் சமரசத்துக்கு வந்து சம ஊதியத்துக்கு ஒப்புக்கொண்டது.

இத்தனையும் நடந்த மண்ணில், அந்தப் பிள்ளைகளின் பள்ளி வாசலில் நூறு பேருந்து நிறுத்துவதா என்பதுதான் 2017இல் எழுந்த கோபம்.

இரு பக்கத்து நியாயம்

எதிர்த்தவர்கள் வரலாற்றை மட்டும் பேசவில்லை. ஏற்கெனவே நெரிசலான சாலையில் காலையில் நூறு பேருந்து இறங்கினால் என்ன ஆகும்? விடியும் முன் இரைச்சல், டீசல் புகை யார் வீட்டு ஜன்னலுக்கு வரும்? டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. அதன் நுண்துகள் பிள்ளைகளுக்கு இழைப்பைக் கிளப்பும் என்பதும் புதிய செய்தி இல்லை. ராக்வில் நகர நிர்வாகமும் எதிர்ப்புப் பக்கம் நின்றது.

அரசுத் தரப்பையும் எளிதில் தள்ளிவிட முடியாது. மெட்ரோ நிலையத்துக்கு அருகில் வீடு கட்டினால் பலருக்குக் கார் தேவைப்படாது. அதுவும் காற்றுக்கு நல்லதுதான். பணிமனையை ஊருக்கு வெகுதூரம் தள்ளினால் பேருந்துகள் காலியாக ஓடும் தூரம் கூடும், புகையும் கூடும். பிள்ளைகளுக்குப் பேருந்து வேண்டும், ஆனால் அது என் கண்ணில் படாமல் தூங்க வேண்டும் என்று எல்லா ஊரும் சொன்னால் எங்கேதான் நிறுத்துவது?

இதில் ஒரு சிக்கலான முடிச்சு. அன்று கவுண்டி நிர்வாகத்தின் தலைவர் ஐசையா லெகெட். அந்தப் பதவிக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர். அவருடைய நிர்வாகம்தான் கார்வர் யோசனையை முன்னெடுத்தது. நம்மவர் நாற்காலியில் இருந்தால் நம் தெருவுக்குக் கெடுதல் வராது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. முன்பே போட்ட நில ஒப்பந்தம், பல ஆண்டு இழுபறி, காலக்கெடு எல்லாம் சேர்ந்து நெருக்கும்போது, கோப்பில் 'காலி இடம்' என்று எழுதப்பட்டது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் யார் படித்தார்கள், வேலிக்கு அப்பால் யார் வாழ்கிறார்கள் என்பதற்குக் கோப்பில் பத்தி கிடையாது.

அம்பேத்கர் படித்த ஊரில்

பணிமனை ஏன் எப்போதும் இப்படிப்பட்ட இடத்தையே தேடி வருகிறது என்ற கேள்வியை அதற்கு முன்பே உரக்கக் கேட்டவர்கள் நியூயார்க்கின் ஹார்லெம் மக்கள். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்துபோகும் தொலைவில் மன்ஹாட்டன்வில் என்ற பேருந்துப் பணிமனை உண்டு. அது பள்ளிப் பேருந்துகளுக்கானது இல்லை, நகரப் பேருந்துகளுக்கானது. ஆனால் புகை ஒன்றுதான். மன்ஹாட்டன் தீவின் பேருந்துப் பணிமனைகளில் பெரும்பாலானவை, கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் வாழும் வடபகுதியில் குவிந்திருந்தன. தீவின் தெற்கே வங்கிகளும் பணக்காரர் குடியிருப்புகளும். பேருந்து அங்கெல்லாம் ஓடும். தூங்க மட்டும் ஹார்லெமுக்கு வரும்.

'வீ ஆக்ட்' என்ற அமைப்பு 1988இல் அங்கே உருவானது. ஆற்றோரத்தில் கட்டிய கழிவுநீர் நிலையத்தின் நாற்றத்தை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் அது. 1997இல் பேருந்து நிழற்குடைகளிலேயே விளம்பரம் ஒட்டி டீசல் புகையை ஊர்ப் பேச்சாக்கினார்கள். 2000இல் இது இனப் பாகுபாடு என்று மத்திய போக்குவரத்துத் துறையிடம் புகார் கொடுத்தார்கள். 146ஆம் தெருவில் இருந்த பழைய பணிமனையை இடித்துக் கட்டும் வேலை வந்தபோது, மூடிய கட்டடம் வேண்டும், புகையை வடிகட்ட வேண்டும் என்று கூடவே உட்கார்ந்து பேசினார்கள். 2014இல் அது கூரையில் செடி வளர்த்த கட்டடமாகத் திறக்கப்பட்டது. பெயர் அன்னை கிளாரா ஹேல் பணிமனை. போதைப் பழக்கத்தில் சிக்கிய தாய்மாரின் கைக்குழந்தைகளை எடுத்து வளர்த்த ஹார்லெம் பெண்மணி அவர்.

பணிமனை வேண்டாம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. எப்படிப்பட்ட பணிமனை என்று சொல்ல முடிந்தது.

வராத பேருந்துகள்

ராக்வில்லில் வேறு மாதிரி முடிந்தது. அந்தக் கவுண்டியில் அரசு நிலத்தைக் கைமாற்ற மக்கள் பிரதிநிதிகளின் கவுன்சிலும் ஒப்புக்கொள்ள வேண்டும். விசாரணைக் கூட்டம் நடத்தினால் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டுச் சில நிமிடம் பேசலாம். எதிர்ப்பு ஓயவில்லை. கார்வர் வளாகத்தில் பேருந்து நிறுத்தும் யோசனை கடைசியில் கைவிடப்பட்டது.

இதை ஒடுக்கப்பட்டோரின் தனி வெற்றி என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அப்படி இல்லை. சுற்றுவட்டாரத்தில் வசதியானவர்களும் இருந்தார்கள். சாலை நெரிசல் அவர்களுக்கும் வலித்தது. வெள்ளையரும் கறுப்பினரும் ஒரே பக்கம் நின்றதால்தான் குரல் எட்டியது என்பது என் கணிப்பு. லிங்கன் பார்க் மட்டும் தனியாகக் கத்தியிருந்தால்? லெவல் கிராசிங்கை அடைத்த கதையை நினைத்துப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

கார்வருக்கு வராத பேருந்துகள் காற்றில் கரைந்துவிடவில்லை. பழைய ஷேடி குரோவ் பணிமனையிலேயே நின்றன. பணிமனை போய்விடும் என்று நம்பி அதன் எதிரே புதிய வீடு வாங்கியவர்கள், காலையில் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி எழுந்தார்கள். அவர்களுடைய வருத்தமும் நியாயமானதே.

2021இல் அந்தக் கவுண்டியின் கல்வித் துறை 326 மின்சாரப் பள்ளிப் பேருந்துகளுக்கு ஒப்பந்தம் போட்டது. அவை ஓடும் அளவுக்குப் புகை குறையும், விடியற்கால இரைச்சலும் குறையும். ஆனால் மின்சாரப் பேருந்துக்கும் நிற்க இடம் வேண்டும். இரவில் சார்ஜ் ஏற்றக் கனத்த மின்கம்பி இழுக்க வேண்டும், டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். அப்படிச் செலவு செய்து கம்பி இழுத்துவிட்ட பணிமனையை வேறு இடத்துக்கு மாற்றுவது டீசல் பணிமனையை மாற்றுவதைவிடக் கடினம்.